ஒன்றேகால் பஸ்ஸும் தாடிக்கார உளவாளியும்

திரையில் ஒரு ஹெலிகாப்டர் தலைகுப்புற விழுந்துகொண்டிருந்தது. அதன் அடிக்கம்பியை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு ஹீரோ தொங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் தியேட்டரில் முப்பது பேர் எழுந்து நின்றார்கள்.

கைதட்ட இல்லை. வேலைக்குப் போக.

நெய்வேலி நகரியத்தில் காலைக் காட்சி பார்த்துப் பழகியவர்களுக்கு இது அதிசயமே இல்லை. மணி ஒன்று பத்து ஆனால் போதும், காக்கிச் சட்டைகள் ஒவ்வொன்றாக எழும். புரொஜெக்டர் வெளிச்சத்தில் தலை நிழல் விழுந்து திட்டு வாங்கக் கூடாது என்று முதுகை வளைத்து, ஒரு கையில் ஹெல்மெட், மறு கையில் சாப்பாட்டுப் பையோடு, "கால எடுங்க, கொஞ்சம் கால எடுங்க" என்று நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்வார்கள். வெளியே ஒன்றேகால் பஸ் உறுமிக்கொண்டு நிற்கும். இரண்டு மணிக்கு மைன்ஸில் ஷிஃப்ட் மாற வேண்டும். ஹீரோ பிழைத்தாரா, போய்ச் சேர்ந்தாரா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

என் பக்கத்து சீட்டில் அப்பாவும் எழுந்தார். சரியாகச் சொன்னால், பாதி எழுந்தார். அப்படியே நின்றார். மறுபடி உட்கார்ந்தார்.

"என்னப்பா?"

"பஸ் போயிடும்" என்றார். ஆனால் கண் திரையை விட்டு அகலவில்லை.

ஒன்று பத்துக்கு மேல் அப்பா தியேட்டரில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஹெலிகாப்டர் அங்கேயே இருக்கட்டும், எப்படியும் அது விழ இருபது நிமிஷம் ஆகும்.

முக்கால்வாசி ரசிகர்

போன வாரம் இந்தப் பத்தியில் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "உங்கள் வீட்டில் யாருமே சிரிக்க மாட்டார்களா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சிரிப்பார்கள். என் அப்பா தங்கராசு தியேட்டரில் நன்றாகவே சிரிப்பார், ஒன்று பத்து வரைக்கும்.

அப்பா படம் பார்ப்பது மதிய ஷிஃப்ட் வாரத்தில் மட்டும்தான். காலை ஷிஃப்ட் வாரத்தில் ராத்திரி எட்டு மணிக்கே குறட்டை கேட்கும். நைட் ஷிஃப்ட் வாரத்தில் பகலெல்லாம் குறட்டை. ஆஃப் நாள் அம்மாவின் சொத்து. ரேஷன், பல் டாக்டர், மிக்ஸி ரிப்பேர் எல்லாம் அன்றைக்குத்தான். ஆக மிச்சம் இருந்தது காலைக் காட்சி. பதினோரு மணிக்கு யூனிஃபார்மோடு உள்ளே போவார், ஒன்று பத்துக்கு வெளியே வருவார். என்னுடைய இருபத்திரண்டு வயது வரை அவர் ஒரு படத்தின் கடைசிக் காட்சியைத் தியேட்டரில் பார்த்ததே கிடையாது.

"உங்கப்பா படத்த முக்கால் கிலோதான் வாங்குவாரு" என்பார் அம்மா.

மீதிக் கால் கிலோவைக் கொடுத்துக்கொண்டிருந்தவர் வேலு மாமா.

அப்பாவும் வேலு மாமாவும் ஒரே கேபினில் வேலை பார்த்தவர்கள். ஆனால் ஒரே நேரத்தில் இல்லை. சுரங்கத்திலிருந்து நிலக்கரியைச் சுமந்து வரும் கன்வேயர் பெல்ட்டின் முனையில் ஒரு கண்ணாடிக் கேபின் உண்டு. அதில் எந்நேரமும் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த ஷிஃப்ட் ஆள், அதாவது ரிலீவர், வந்து உட்காராமல் இவர் எழக் கூடாது. காலை ஷிஃப்ட்டை முடிக்கிற வேலு மாமாவுக்கு ரிலீவர் என் அப்பா.

காலை ஷிஃப்ட் முடிந்தால் வேலு மாமாவுக்குச் சாயந்திரம் ஃப்ரீ. சொந்த ஊரான சேத்தியாத்தோப்புக்கு பஸ் ஏறும் முன் மாலைக் காட்சியில் புதுப்படத்தை முழுசாகப் பார்த்துவிடுவார். மறுநாள் அப்பா முக்கால் படத்தோடு கேபினுக்குள் நுழைவார். அங்கே ஒப்படைப்பு இப்படி நடக்கும்:

"நாலாம் நம்பர் பெல்ட் கொஞ்சம் எடது பக்கம் ஓடுது, பாத்துக்க. ஆறாம் நம்பர் ரோலர்ல சத்தம், எழுதி வச்சிருக்கேன். ஹீரோ சாவல. தங்கச்சியக் கடத்தினது அந்த போலீஸ்காரன்தான். வரட்டா?"

பன்னிரண்டு வருடம் அப்பாவுக்குக் கிளைமாக்ஸ் இப்படித்தான் வந்தது, தியேட்டரை விட்டு வந்த ஐம்பதாவது நிமிஷம், சூடு ஆறாமல்.

தாடிக்காரன் என்ற நல்லவன்

பிறகு அந்த உளவாளிப் படத்தின் முதல் பாகம் வந்தது.

தமிழில் டப் செய்த வெளிநாட்டுப் படம். பாரீஸில் கோட்டு போட்டவர் "மச்சி, பாம் வெச்சுட்டாங்க, ஓடு!" என்று கத்துவார். நான் அப்போது கல்லூரி முதல் வருடம், அந்தப் படத்துக்குப் பைத்தியம். அப்பாவுக்கு ஹீரோவைவிட ஹீரோவின் கூட்டாளியைப் பிடித்துவிட்டது. பெயரெல்லாம் நினைவில்லை, அப்பாவுக்கு அவன் தாடிக்காரன். ஹீரோ கூரை கூரையாகத் தாவும்போது, தாடிக்காரன் ஒரு வேனுக்குள் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வழி சொல்லிக்கொண்டே இருப்பான். நடுவில் பிஸ்கட் சாப்பிடுவான்.

"இவன்தான் வேலைக்காரன்" என்றார் அப்பா. "அவன் சும்மா குதிக்கிறான். இவன் எடத்த விட்டு எழுந்திரிச்சானா பாரு!"

கேபின் மனிதருக்குக் கேபின் மனிதரைப் பிடித்தது. அதில் தப்பில்லை. தப்பு என்னவென்றால், கடைசிப் பத்து நிமிஷத்தில் தாடிக்காரன்தான் துரோகி என்று தெரியும். அப்பா அதற்குள் பஸ்ஸில் ஏறியிருந்தார்.

கேபினில் வேலு மாமா சொன்னார்: "அந்தத் தாடிக்காரன்தான்பா துரோகி."

அப்பா நம்பவில்லை. வேலு மாமா விளையாடுகிறார் என்றே நினைத்தார். இரண்டு நாள் அதையே பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் புரமோஷன் லிஸ்ட் வந்தது; வேலையும் கேபினும் அதேதான், கிரேடு மட்டும் உயரும். வேலு மாமாவின் பெயர் இருந்தது, அப்பாவின் பெயர் இல்லை. நீ லேட்டாக வந்த கதைகளையெல்லாம் வேலுதான் மேலே போட்டுக்கொடுத்தான் என்று யாரோ காதில் ஓதியிருக்கிறார்கள்.

கேன்டீனில், பத்துப் பேர் முன்னால், அப்பா சொன்னார்: "துரோகிய அடையாளம் கண்டுபிடிக்க நீ ஏன் சினிமாவுக்குப் போவணும் வேலு? வூட்டுக் கண்ணாடியப் பாத்தா போதாதா?"

வேலு மாமா பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார்.

லிஸ்ட் சீனியாரிட்டிப்படி போட்டது, வேலு மாமா அப்பாவுக்கு நாலு மாதம் முன்னால் சேர்ந்தவர், அவ்வளவுதான் விஷயம் என்பது ஒரே வாரத்தில் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பத்துப் பேர் முன்னால் சொன்னதை எப்படித் திரும்ப எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று வருடம் ஓடிவிட்டது. ஒப்படைப்பு நோட்டுப் புத்தகத்தில் மட்டும் நடந்தது. ஒருவர் எழுந்தார், மற்றவர் உட்கார்ந்தார்.

அந்த மூன்று வருடமும் அப்பாவிடம் இருந்த எந்தப் படத்துக்கும் முடிவு கிடையாது. நான் சொல்ல வந்தால் கையைக் காட்டி நிறுத்துவார். தாடிக்காரன் விஷயத்தையும் அப்படித்தான் சொல்ல விடவில்லை.

"நீ சொன்னா பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருக்கும்மா."

"அவன் கேக்கட்டும்"

இரண்டாம் பாகம் வெளியான சமயம் நான் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, நாலு கம்பெனிக்கு எழுதிப் போட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்ற பெயரில் ஃபேஸ்புக்கில் பட விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன். டிரெய்லரை மட்டும் முப்பது தடவை பார்த்திருப்பேன்.

அதே வாரத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. வேலு மாமாவுக்கு வேறொரு மைனுக்கு மாற்றல். திங்கட்கிழமை அங்கே. சனிக்கிழமைதான் இவர்களுடைய கடைசி ஒப்படைப்பு. ஞாயிறு இருவருக்கும் ஆஃப்.

அப்பா இதைச் சாப்பிடும்போது சொன்னார். சொல்லிவிட்டு ரசத்தை மூன்று தடவை ஊற்றிக்கொண்டார்.

எனக்குச் சும்மா இருக்க வராது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் வேலு மாமாவுக்கு போன் போட்டேன்.

"மாமா, நான் கயல். நாளைக்கு அப்பாவ படத்துக்குக் கூட்டிக்கினு போறேன். ஒரு மணி நேரம் அவருக்காகக் கேபின்ல பிடிச்சுக்கிறீங்களா? கிளைமாக்ஸ் வரைக்கும் பாக்கட்டும்."

ரிலீவர் வர லேட்டானால் இருக்கிறவர் கூடுதலாக உட்கார்ந்து கொடுப்பது வழக்கம்தான். "கொஞ்சம் பிடிச்சுக்க" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை.

"உங்கப்பன் கேட்டா ஒரு மணி நேரம் என்னா, முழு ஷிஃப்ட்டே பிடிச்சுக்குவேன்" என்றார் வேலு மாமா. "நீ கேட்டா மாட்டேன் பாப்பா. தப்பா எடுத்துக்காத. அவன் கேக்கட்டும்."

அப்பா கேட்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். வேலு மாமாவுக்கும் தெரியும்.

தனி ஒருவரின் கைதட்டல்

சனிக்கிழமை தியேட்டர் நிரம்பி வழிந்தது. அப்பா மடியில் சாப்பாட்டுப் பை, அதன்மேல் ஹெல்மெட். முதல் காட்சியிலேயே ஹீரோ ஒரு ராணுவத் தலைமையகத்துக்குள் நுழைந்தார்.

"கேட்ல பாஸ் கேக்கல பாரு" என்றார் அப்பா.

அடுத்து மொராக்கோ. அங்கிருந்து பனிமலை.

"இவன் எப்பத் தூங்குவான்?"

"அப்பா, அவன் உளவாளி."

"இருக்கட்டும்மா. ரிலீவர்னு ஒருத்தன் வேணாமா? மூணு நாளா ஒத்த ஆளு ஓடுறான். கையில ஒரு தண்ணி பாட்டில் கூட இல்ல."

என் விமர்சனத்துக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நான், ஒளிப்பதிவைப் பற்றி எழுதுவதை விட்டுவிட்டு அப்பா சொல்வதை எழுத ஆரம்பித்தேன்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் வில்லன் கூட்டத்தின் தலைவன் திரும்பி முகத்தைக் காட்டினான். தாடிக்காரன்! தியேட்டர் முழுக்க "ஓ"வென்று ஊளை. அதன் நடுவில் ஒரே ஒருவர் மட்டும் பலமாகக் கைதட்டினார்.

என் அப்பா.

முன் வரிசையே திரும்பிப் பார்த்தது. "தங்கராசண்ணே, அவன் வில்லன்ணே!"

"வேஷம்டா அது! உள்ள பூந்து வேவு பாக்கறான். உளவாளி வேற எப்படி இருப்பான்?"

"போன பார்ட்லயே அவன்தானேண்ணே போட்டுக்குடுத்தான்!"

"அத நான் பாக்கல" என்றார் அப்பா.

இடைவேளையில் முட்டை பப்ஸை வைத்துக்கொண்டு அப்பா வாதாடினார். "பத்தடி தூரத்துல நின்னு சுடறான், குறி தப்புதுங்கறான். தப்புமா? வேணும்னே தப்ப விடறான் கயலு." நானே கொஞ்சம் ஆடிப்போய்விட்டேன். முப்பது தடவை டிரெய்லர் பார்த்த எனக்கு இது தோன்றவில்லையே! ஒருவேளை அப்பா சொல்வதுதான் சரியோ?

ஊருக்கே கேட்ட போன்

இப்போது ஹெலிகாப்டருக்குத் திரும்பலாம்.

ஹீரோ தொங்குகிறார். மேலேயிருந்து தாடிக்காரன் குனிந்து கையை நீட்டுகிறான். தூக்கிவிடப் போகிறானா, தள்ளிவிடப் போகிறானா என்று காட்டாமல் படம் சட்டென்று லண்டனுக்குத் தாவிவிட்டது. காக்கிச் சட்டைகள் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தன. வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

"அப்பா, வேலு மாமாகிட்ட ஒரு வார்த்த கேட்டா பிடிச்சுக்குவாரு."

"சும்மா இரு."

ஹாரன் மறுபடி. அப்பா பையைத் தூக்கினார். கீழே வைத்தார். கர்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். அந்த நேரத்தில் அவர் யோசித்தது தாடிக்காரனைப் பற்றியா, வேறு யாரைப் பற்றியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சட்டைப் பையிலிருந்து பட்டன் போனை எடுத்தார். எண்ணைத் தேடவில்லை. மனப்பாடமாக அழுத்தினார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கன்வேயர் பக்கத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவர்களுக்கு ரகசியக் குரல் என்று ஒன்று கிடையாது. அந்தப் பெல்ட் இரைச்சலைத் தாண்டிப் பேசிப் பேசியே பழகியவர்கள். அதிலும் எதிர்முனையில் இருப்பவர் அந்த இரைச்சலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்.

"வேலூ! நான்தான்! தங்கராசு!"

லண்டனில் நடந்த துப்பாக்கிச் சண்டை யார் காதிலும் விழவில்லை. "யாருய்யா அது போன்ல?" என்று ஒரு குரல் எழுந்தது. இன்னொரு குரல் அதை அடக்கியது. "டேய் சும்மா இருடா, அண்ணன் வேலு அண்ணன்கிட்ட பேசறாரு!" பாதித் தியேட்டருக்கு அந்த மூன்று வருடக் கதை தெரியும்.

"தங்கராசுதான்! தியேட்டர்ல இருக்கேன்! கொஞ்சம்... கொஞ்ச நேரம் பிடிச்சுக்கறியா?"

எதிர்முனையில் என்ன பதில் வந்ததோ, அப்பா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். தியேட்டரும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் போனைக் கையால் பொத்திக்கொண்டு, ஏதோ ரகசியம் போல, முழு அரங்கையும் பார்த்துக் கத்தினார்:

"படம் எப்ப முடியும்னு கேக்கறான்!"

"இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம்ணே!" என்றார்கள் நேற்றே பார்த்துவிட்ட பையன்கள் பால்கனியிலிருந்து.

"முப்பத்தஞ்சு நிமிஷமாம்! ரெண்டே முக்காலுக்குள்ள வந்துடறேன்! இன்சார்ஜ்கிட்ட சொல்லிடு!"

போனை வைத்தார். எங்கிருந்தோ ஒரு விசில். "அண்ணே, வேலு அண்ணன் என்னா சொன்னாரு?" என்று ஒருவன் கேட்டான்.

"படத்தப் பாருங்கடா" என்றார் அப்பா. ஹெல்மெட்டை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

இருபத்திரண்டு வருடத்தில் முதல் கிளைமாக்ஸ்

தாடிக்காரன் கையை நீட்டினான். ஹீரோவைப் பிடித்தான். மேலே இழுத்தான். அப்பா என் முழங்கையை இறுக்கினார். "சொன்னேன்ல!"

தாடிக்காரன் ஹீரோவின் கோட்டுப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்துக்கொண்டான். எடுத்த அதே கையால் ஹீரோவைக் கீழே தள்ளிவிட்டான்.

வேஷமும் இல்லை, வேவும் இல்லை. முதல் பாகத்தில் செய்ததையே இரண்டாம் பாகத்திலும் செய்தான். ஹீரோவுக்கு ஒரு பாராசூட் கிடைத்தது, தாடிக்காரனுக்கு ஒரு குண்டு கிடைத்தது. என் பங்குக்கு "பாத்தீங்களா!" என்று துள்ள வாயெடுத்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். சொந்தக்காரர் யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார்.

விளக்கு போட்டார்கள். திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கின. அப்பா அதையும் பார்த்தார்.

"இவ்ளோ பேரா வேல செஞ்சிருக்காங்க?"

என் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து, மைன்ஸ் ஹெல்மெட்டையே மாட்டிக்கொண்டார். இரண்டு பக்கமும் மரங்கள், ஆளில்லாத மத்தியான ரோடு. ரவுண்டானாவைத் தாண்டியதும் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ரெண்டு வாட்டியும் அதையேதான் செஞ்சிருக்கான் இல்ல?"

"ஆமாப்பா."

"வேகமாப் போ."

மைன்ஸ் கேட்டில் இறங்கி, உள்ளே போகிற ஜீப் ஒன்றில் தொற்றிக்கொண்டு போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போக முடியுமா? கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

கேபினுக்குள் நடந்தது

முக்கால் மணி நேரம் கழித்து வேலு மாமா வெளியே வந்தார். சட்டை முழுக்கக் கரித்தூசி. என்னைப் பார்த்ததும் நேராகக் கடைக்கு வந்து டீ சொன்னார்.

"மாமா, அப்பா என்ன சொன்னாரு?"

"இரு, வாயில ஊத்திக்கிறேன்." பாதி டம்ளர் காலியானது. "உள்ள வந்தான். நாலாம் நம்பர் பெல்ட் எப்படின்னு கேட்டான். ஓடுதுன்னேன். ஹெல்மெட்டக் கழட்டினான். மறுபடி மாட்டினான். நான் பையத் தூக்கிக்கினு கெளம்பிட்டேன்."

"அவ்ளோதானா?"

"வாசல்ல நிக்கிறேன், பின்னாடி கத்தறான். 'நீ சொன்னது சரி வேலு! அந்தத் தாடிக்காரன்தான் துரோகி! நான்தான் ஆள் மாறி உன்னச் சொல்லிட்டேன்!' அந்தக் கத்தலுக்கு ஜீப் டிரைவர் எறங்கி ஓடியாந்துட்டான், யாருக்கு அடிபட்டுச்சுன்னு."

வேலு மாமா டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன சொன்னீங்க மாமா?"

"நான் என்னாத்த சொல்றது? 'அடப்பாவி, படத்த நான் இன்னும் பாக்கலயேடா'ன்னேன்."

சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்து முடித்துக் கரித்தூசிக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டார்.

"நாளைக்கு ரெண்டு பேருக்கும் ஆஃப். உங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். காலைக் காட்சிக்கு டிக்கெட் எடுத்து வை."

"முடிவுதான் தெரிஞ்சுபோச்சே மாமா, இனிமே எதுக்கு?"

"முடிவ மட்டும்தானே சொல்லியிருக்கான். மூணு வருசம் பேசாதது அப்படியே கெடக்குதே."

நான் ஸ்கூட்டிச் சாவியை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் இந்நேரம் பாதி போயிருக்கும்.

"மூணு எடுத்துடட்டுமா மாமா?"

வேலு மாமா டம்ளரைப் பெஞ்சில் வைத்தார்.

"ரெண்டு போதும் பாப்பா."